‘தப்பு பண்ணிட்டேன்’ என்று ஒரு குரல் வந்தால்

கேள்வி: சமூகப்பணி முதுகலை முடித்திருக்கிறேன். தங்கள் பாலியல் எண்ணத்தையோ நடத்தையையோ நினைத்துப் பயப்படும் இளைஞர்கள் பெயர் சொல்லாமல் பேசுகிற உதவி எண்ணில், அடுத்த மாதம் முதல் கோவையில் வேலை. ஒரு பையன், சின்னக் குழந்தையிடம் தவறாக நடந்துகொண்டேன் என்றால் போலீசுக்குச் சொல்வதா, ரகசியம் காப்பதா? அவனிடம் எப்படித்தான் பேசுவது? – வாசகி, கோபி

பதில்: உங்கள் வாயில் தானாக வரப்போகிற ஒரு கேள்வியை முதலில் அடக்கப் பழகுங்கள்: “எந்த ஊருங்க தம்பி?” நம் பக்கத்தில் பேச்சே அங்கேதான் தொடங்கும், அடுத்தது “யார் வூட்டுப் பையன்?” இங்கே அதைக் கேட்டால் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பேர் பழக்கதோஷத்தில் பதில் சொல்லிவிடுவார்கள். அது இன்னும் சிக்கல். ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் உங்கள் சட்டக் கடமையும் மாறிவிடும்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் (2012) பிரிவு 19-இன்படி, 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கலாம் என்ற அச்சம் இருந்தாலும், சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும். ஆலோசகர் என்பதற்காக விலக்கு இல்லை. மறைத்தால் பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவருக்குச் சட்டமே பாதுகாப்பும் தருகிறது.

ஆகவே ரகசியத்தின் எல்லையை அவன் வாய் திறக்கும் முன்பே, முதல் நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். ஏறக்குறைய இப்படி: “பேரு, ஊரு, பள்ளிக்கூடம், எதுவும் எனக்கு வேண்டாங்க. அதெல்லாம் இல்லாமயே தாராளமாப் பேசலாம். ஆனா இன்ன குழந்தைன்னு அடையாளம் தெரியற மாதிரி சொல்லி, அதுக்கு ஆபத்தும் இருந்தா, நான் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லித்தான் ஆகணுங்க.” பாதிக் கதையில் இதைச் சொன்னால் அது துரோகம் போல ஆகிவிடும். இது சட்டத்துக்குக் கண்ணாமூச்சி காட்டுவதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. இந்த எண் இல்லாவிட்டால் அந்தப் பையன் யாரிடமும் பேசப்போவதில்லை. அந்தக் குழந்தை இருந்த இடத்திலேயே இருக்கும்.

பயம் சும்மா வருவதும் இல்லை. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரையே அதிகாரத்தரப்பு வெளியிட்டதை இந்தப் பகுதி மறக்கவில்லை. எனவே உங்கள் சொந்த செல்போனில் ஒரு அழைப்பும் எடுக்காதீர்கள். ட்ரூகாலர் போதும், “ஹலோ” சொல்லும் முன்பே பையனின் பெயரைத் திரையில் காட்டிவிடும். எண் மறையும்படி இணைப்பு இருக்கிறதா, பதிவு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று வேலைக்குச் சேரும் முன் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

“ங்க”வை மட்டும் விடாதீர்கள். பதினைந்து வயசுப் பையனிடமும் “சொல்லுங்க” என்று பேசுவது நமக்கு இயல்பு. அவமானத்தில் கூனிக்கிடப்பவனை அது கொஞ்சம் நிமிர்த்தும். “கண்ணு”, “சாமி” வேண்டாம், இந்தப் பேச்சுக்கு அவ்வளவு நெருக்கம் ஆகாது.

அவன் பெரும்பாலும் சொல்லப்போவது ஒரே வாக்கியம்: “தப்பு பண்ணிட்டேங்க.” இந்த ஒரு சொல்லில் ஆபாச வீடியோவும் இருக்கலாம், தங்கச்சியும் இருக்கலாம். அனுமானிக்காதீர்கள். “தப்புன்னு சொன்னது பார்த்ததுங்களா, அனுப்பினதுங்களா, தொட்டதுங்களா?” என்று மூன்று வினைச்சொல்லாகப் பிரித்துக் கேளுங்கள். நான்காவதும் ஒன்று உண்டு: எதுவும் செய்யாமல், எண்ணம் மட்டும்.

பார்த்தது என்றால், படத்தில் இருந்தவர்கள் பெரியவர்களா குழந்தைகளா என்று கேளுங்கள். குழந்தைகளின் ஆபாசப் படத்தைத் தனியாக இறக்கிப் பார்ப்பது குற்றமில்லை என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது; பையன்கள் பலர் பழைய செய்தியையே நம்பிக்கொண்டிருப்பார்கள். எந்தப் படத்தையும் உங்களுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். அனுப்பினது என்றால், மேலும் பரவாமல் நிறுத்துவதுதான் முதல் வேலை.

தொட்டது என்றால் வேறு எதற்கும் முன்னால்: “அந்தக் குழந்தை இப்ப உங்ககூட இருக்குதுங்களா? தனியாவா?” ஆம் என்றால் அடையாளம் மறைப்பதெல்லாம் பிறகு, அவனை அந்த அறையை விட்டு வெளியே வரச் செய்து, ஒரு பெரியவரை அருகில் வரவழைத்து, குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ அவசர எண் 112-க்கோ தகவல் போக வேண்டும். இல்லை என்றால் வயது வித்தியாசம், மிரட்டல், “யார்கிட்டயும் சொல்லாதே” என்ற வார்த்தை, எத்தனை முறை என்று மெதுவாகக் கேளுங்கள். ஐந்து வயதுக் குழந்தைகள் இருவரின் ஆர்வமும், பதினாலு வயதுப் பையன் ஏழு வயதுக் குழந்தையிடம் செய்ததும் ஒன்றல்ல. நடந்ததை விவரமாகச் சொல்லச் சொல்லாதீர்கள். விசாரணை உங்கள் வேலை இல்லை. “மாமன் பொண்ணுதானுங்க, முறைதானே” என்று ஒருவன் சொன்னால் சிரிக்கவும் வேண்டாம், சீறவும் வேண்டாம். கல்யாண வீட்டில் பெரியவர்கள் அடித்த கேலியை அவன் அனுமதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். முறை என்பது உறவின் பெயர், அந்தக் குழந்தையின் சம்மதம் இல்லை என்பதை நேராகச் சொல்லுங்கள்.

எண்ணம் மட்டும் என்பவர்களில் ஒரு வகையினரைத் தனியாகக் கவனியுங்கள். குழந்தையைக் கண்டாலே ஒதுங்குவார், எண்ணத்தை நினைத்து அருவருத்து அழுவார், “நான் அப்படிப்பட்டவன் இல்லையே?” என்று தினமும் அழைப்பார். இது பெரும்பாலும் ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் நோய். “நீங்க நல்லவர்தான்” என்று ஒவ்வொரு தடவையும் சொன்னால் நோய்க்குத் தீனி போட்ட மாதிரி. மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். எந்த வகையானாலும் சாக நினைக்கிறாரா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது.

பேச்சு முடியும் முன் இன்று ராத்திரிக்கென்று ஒரு காரியம் பிடித்துக்கொடுங்கள். “இனிமே ஒழுங்கா இருங்க” என்பதால் பயனில்லை. “இன்னிக்கு அந்தக் குழந்தை படுக்கற ரூம்ல படுக்காதீங்க, பாட்டிகூட ஆசாரத்துல படுத்துக்குங்க” என்பது செய்யக்கூடியது. லீவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் மறுக்க என்ன சாக்குச் சொல்வான் என்பதையும் போனிலேயே சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அவனுக்கும் நம்பிக்கை கொடுக்க ஆதாரம் இருக்கிறது. வழக்குக்கு உள்ளான சிறுவர்களைப் பற்றிய நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து மைக்கேல் கால்டுவெல் 2016-இல் வெளியிட்ட கணக்கில், 2000-க்குப் பிந்தைய ஆய்வுகளில் மீண்டும் பாலியல் குற்றத்தில் சிக்கியவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. அதனால் “குற்றவாளி” என்ற பட்டத்தை உங்கள் குறிப்பில்கூட எழுதாதீர்கள்.

கிளுகிளுப்புக்காக அழைப்பவர்களும் வருவார்கள். விவரிப்பு நீளும், மூச்சு மாறும், யோசனை கேட்கவே மாட்டார்கள். ஒரு முறை எச்சரித்து, மறுமுறை வைத்துவிடுங்கள், குற்றவுணர்ச்சி வேண்டாம்.

வைத்தபின் நோட்டில்: வயது வரம்பு, மூன்று வினைகளில் எது அல்லது எண்ணம் மட்டுமா, உடனடி ஆபத்து உண்டா இல்லையா, கொடுத்த காரியம். ஊர், மில், ஹாஸ்டல் தவறி வந்திருந்து, குழந்தைக்கு ஆபத்தும் இருந்தால், அடுத்த அழைப்பை எடுக்காமல் நேரே பொறுப்பாளரிடம் போங்கள்; தகவல் அன்றைக்கே போக வேண்டும்.