ஈரல் எங்கே போயிற்று?

கேள்வி: குர்திஷ் கவிதைகளில் உணர்ச்சிகள் உடல்மொழி வழியாகவே வெளிப்படுகின்றன என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நம் கவிஞர்களும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டாமா?
(ஒரு வாசகர், தென்காசி)

பதில்: 'உடல்மொழி'யை நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆசாமிகளிடமே விட்டுவிடுங்கள். கையைக் கட்டாதே, நிமிர்ந்து உட்கார் என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்களின் சொல் அது. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதற்கு மெய்ப்பாடு என்று பெயர் வைத்து, தொல்காப்பியர் ஓர் இயலே எழுதிவைத்திருக்கிறார். (இதை எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று மெய்ப்புத் திருத்துபவர் கணக்கு வைத்திருக்கிறார்.)

துருக்கி, சிரியா, இராக், ஈரான் என்று நாலு நாடுகளில் பரவிக் கிடக்கும் குர்துகளின் விவகாரம் கை, கண்ணோடு நிற்பதில்லை, ஈரல்வரை போகிறது. பிள்ளையை "என் ஈரலே" என்று கொஞ்சுகிற மொழி அது. குர்திஷின் கிளைமொழியான குர்மாஞ்சியில் எழுதிய பெருங்கவிஞர் ஒருவர் (1903-1984) தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயரே ஜெகர்க்வீன். ஜெகர் என்றால் ஈரல், க்வீன் என்றால் ரத்தம். இன்றைய துருக்கியில் பிறந்து, பையனாகச் சிரியாவுக்கு ஓடி, ஸ்டாக்ஹோமில் இறந்து, சிரியாவின் காமிஷ்லியில் புதைக்கப்பட்ட மனிதருக்கு ஈரலில் ரத்தம் கசியாமல் வேறென்ன செய்யும்?

சென்ற மாதம் ஓர் அன்பர் சில குர்திஷ் கவிதைகளை ஆங்கிலம் வழியாகப் பெயர்த்து அனுப்பியிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் இதயம். ஏனய்யா என்று தொலைபேசியில் கேட்டேன். "ஈரல் என்று போட்டால் கறிக்கடை ஞாபகம் வரும் சார்" என்றார்.

வரட்டுமே! குர்துகள் பெருவாரியாக வாழும் துருக்கி நகரமான தியார்பக்கிரில் காலைப் பலகாரமே ஈரல்தான். ஆட்டு ஈரலைத் துண்டு போட்டு, கம்பியில் கோத்து, கரி நெருப்பில் வாட்டி, வெங்காயத்தோடு ரொட்டியில் சுருட்டித் தின்கிறார்கள். கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை "என் ஈரலே" என்கிறார்கள். ஒருவருக்கும் குழப்பமில்லை. நமக்கு மட்டும் என்ன? ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ ஈரல் வாங்குகிற அதே ஆளுக்குத்தான், நடுநிசியில் தொலைபேசி அடித்தால் ஈரக்குலை நடுங்குகிறது. அன்பரின் இதயம் பிப்ரவரி மாத வாழ்த்து அட்டையிலிருந்து வெட்டி எடுத்தது; சிவப்பாக இருக்கிறது, ரத்தம் இல்லை.

குர்துகளிடையே தெங்பேஜ் என்ற பாடகர்கள் இருக்கிறார்கள். ஒரு கையைக் காதோரம் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் வாத்தியமே இல்லாமல், மணிக்கணக்கில் கதை பாடுவார்கள். 1983 முதல் 1991 வரை குர்திஷ் மொழியில் கருத்தை வெளியிடுவதையே துருக்கிச் சட்டம் தடைசெய்திருந்தது. பாட்டு பிழைத்துவிட்டது. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும்போதுதான் உயிருக்கு மன்றாடுகிறது.

நம் கவிஞர்கள் கற்றுக்கொள்வது இருக்கட்டும். அன்பரின் கவிதைக் கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் தபால்தலை வைக்கவில்லை. அந்தப் பணம் இன்னும் வந்து சேரவில்லை.