கண்ணாடியில் ஆவி படிந்தால் முகக்கவசம் பொருந்தவில்லை என்று பொருள்

வணக்கம். இருமலும் காய்ச்சலுமாக இருக்கும் தந்தையைக் கவனிக்கும்போது மருத்துவ முகக்கவசம் அணிந்தும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது என்றும், பேசும்போது அதைத் தாடைக்கு இறக்கிவிடுவதாகவும், இரவில் சோப்பு நீரில் அலசி மறுநாளும் அணிவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

ஆவி படிகிறதென்றால், நீங்கள் விடும் மூச்சு மூக்கின் இருபுறமும் உள்ள இடைவெளி வழியாக வெளியேறுகிறது. வடிகட்டப்படாத காற்றும் அதே வழியில் உள்ளே வருகிறது. மேல் விளிம்பிலுள்ள மெல்லிய கம்பியை இரு கை விரல்களாலும் மூக்குத்தண்டிலிருந்து கன்னம் வரை அழுத்தி வளைத்து, கீழ் விளிம்பைத் தாடைக்கு அடியில் இழுத்துவிடுங்கள். பக்கங்கள் புடைத்து நின்றால், காதுப்பட்டைகளைக் கவசத்தோடு சேரும் இடத்தில் முடிச்சிட்டு, மிஞ்சும் மடிப்பை உள்ளே செருகுங்கள்.

அலசுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். கவசத்தின் நடு அடுக்கிலுள்ள பாலிபுரொப்பிலீன் என்னும் நெகிழி இழைகளில் ஏற்றப்பட்டிருக்கும் நிலைமின்னூட்டம்தான் நுண்துகள்களை ஈர்த்துப் பிடிக்கப் பெரிதும் உதவுகிறது. பார்வைக்குப் புதிதுபோலவே இருந்தாலும், சோப்பு நீர் பட்டபின் அந்தத் திறன் குன்றிவிடும். ஈரமானவுடன் மாற்றுங்கள், முன்புறத்தைத் தொடாமல் பட்டையைப் பிடித்துக் கழற்றி, மூடியுள்ள தொட்டியில் போட்டுக் கைகழுவுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது தாடைக்கு இறக்கும் பழக்கம்தான், ஏனெனில் அவருக்கு மிக அருகில் இருந்து பேசும் அந்த நேரத்தில்தான் கவசம் அதிகம் தேவைப்படுகிறது. மூச்சுத்திணறல் இல்லையென்றால், நீங்கள் அறைக்குள் இருக்கும்வரை தந்தையும் ஒன்றை அணியட்டும். சன்னல்களையும் திறந்து வையுங்கள்.