மாமியின் அறையில் எட்டு மூடை அரிசி

கேள்வி: நாங்கள் திருகோணமலை பாலையூற்றில் வசிக்கிறோம். நானும் கணவரும், பாடசாலை செல்லும் இரண்டு பிள்ளைகளும், 72 வயதான மாமியும் (கணவரின் அம்மா) என ஐந்து பேர். 2020 கொரோனா ஊரடங்கிலும் 2022 பொருளாதார நெருக்கடி வரிசைகளிலும் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. டெங்கு, சிக்குன்குனியா என்று மறுபடியும் செய்திகள் வருவதால் இம்முறை முன்கூட்டியே ஆயத்தமாகிவிட்டேன். 25 கிலோ அரிசி மூடை எட்டு, பருப்பு, ரின் மீன், பால்மா, இரண்டு கேஸ் சிலிண்டர், தண்ணீருக்கு மூன்று நீலப் பரல், மூட்டு வலிக்கு டைக்குளோபெனக் இரண்டு அட்டை, அன்டிபயோட்டிக் கொஞ்சம் எல்லாம் இருக்கின்றன. இடம் போதாததால் மாமியின் அறையைச் சாமான் அறையாக்கினோம் (இது என் சீதன வீடு). மாமி ஹோலில் படுக்கிறா, அவவுக்கு அது காற்றோட்டமாகவும் இருக்கிறது. கணவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். இன்னும் எத்தனை மாதத்துக்குச் சேர்க்க வேண்டும்? பக்கத்து வீட்டார் கேட்டால் கொடுக்க வேண்டுமா?

பதில்: மாரி நெருங்கும்போதும், ஏதாவது காய்ச்சல் பரவுகிறது என்ற செய்தி வந்த மறுவாரமும் இப்படியான கடிதங்கள் எனக்கு வருவது வழக்கம். எல்லாவற்றிலும் அரிசி இருக்கும், பருப்பு இருக்கும், எத்தனை மாதத்துக்கு என்ற கேள்வியும் இருக்கும். அந்தக் கணக்கைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்து சென்ற ஒரு வரியை என்னால் கடந்து செல்ல முடியவில்லை. மாமி ஹோலில் படுக்கிறார், அது அவருக்குக் காற்றோட்டமாக இருக்கிறது.

அந்தக் காற்றோட்டத்தை அவர் கேட்டாரா, தங்கச்சி? கேட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள். அறையை இழந்தவரின் சம்மதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத கடிதத்தில், வீடு உங்களுடைய சீதனம் என்ற செய்தி மட்டும் அடைப்புக்குறிக்குள் பத்திரமாக இருக்கிறது. அதை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. செய்தது சரியா என்று உங்கள் மனமே கேட்டிருக்கிறது, அதற்கு வீட்டு உறுதிப் பத்திரத்தைக் காட்டி வாயடைத்திருக்கிறீர்கள். உறுதியில் யாருடைய பெயர் இருந்தாலும், ஒரு வீட்டில் முதியவர் ஒருவர் உடுப்பு மாற்றவும், இரவில் எழும்பி இருமவும், தன் சாமிப் படத்துக்கு முன்னால் தனியே இருக்கவும் ஒரு கதவுள்ள இடம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பிள்ளைகளின் தொலைக்காட்சிக்கும் வாசற்கதவுக்கும் நடுவே பாயை விரித்துவிட்டு அதைக் காற்றோட்டம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

கடமையைப் பற்றிப் பேசினால் உங்களுக்கு உபதேசமாகத் தோன்றலாம். ஆகவே அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உங்கள் அளவுகோலான ஆயத்தம் என்பதை வைத்தே இந்த அறையைப் பார்ப்போம். தொற்றுநோய்க் காலத்தில் ஒரு வீட்டுக்கு முதலில் தேவைப்படுவது, நோயாளியை மற்றவர்களிடமிருந்து பிரித்துப் படுக்கவைக்கக்கூடிய, யன்னலைத் திறந்துவைக்கக்கூடிய, கதவைச் சாத்தக்கூடிய ஓர் அறை. கொரோனாக் காலத்தில் அது இல்லாத வீடுகளில், ஒருவருக்கு வந்தது மற்றவர்களுக்கும் இலகுவாகப் பரவியது. உங்கள் வீட்டில் அப்படிப் பிரித்துக்கொள்ளக்கூடிய அறை ஒன்று இருந்தது. அதற்குள் நீங்கள் 200 கிலோ அரிசியை வைத்துப் பூட்டிவிட்டீர்கள். நாளை மகனுக்குக் காய்ச்சல் வந்தால் அவனை எங்கே படுக்கவைப்பீர்கள்? மாமிக்கு வந்தால்? வீட்டில் பெரும்பாலான தொற்றுகள் மிக மோசமாகத் தாக்கக்கூடியவர் அவர்தான். அவரையே ஐந்து பேரும் நடமாடுகிற, வெளியிலிருந்து வருகிறவர் முதலில் கால் வைக்கிற இடத்தில் படுக்கவைத்திருக்கிறீர்கள்.

நுளம்பால் வரும் காய்ச்சல்களிலும் இதுவே கதை. டெங்கு தொட்டால் ஒட்டுகிற நோயல்ல. ஆனால் காய்ச்சலோடு படுத்திருப்பவரைக் கடித்த நுளம்பு, ஒரு வாரம் பத்து நாள் கழிந்ததும் அதே வீட்டில் அடுத்தவருக்கு அதைக் கொண்டுபோகும். இந்த நுளம்பு பெரும்பாலும் பகலில், அதிலும் காலையிலும் பின்னேரத்திலும் கடிப்பது. ஆகையால் நோயாளி பகலிலும் வலைக்குள்தான் படுக்க வேண்டும். ஆட்கள் நடக்கிற ஹோலில் பகல் முழுவதும் வலையைக் கட்டிவைக்க உங்களால் முடியுமா? பகலில் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்திருக்கும் மாமிக்கோ வலையே கிடையாது.

இதோடு பரல்களுக்கு வருவோம். கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் தடைப்படும் நாட்களில் ஊரே பரலில் பிடித்துவைக்கும், அதைப் பிழை சொல்ல வரவில்லை. ஆனால் மூடியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. டெங்கு நுளம்பு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, நீங்கள் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் தெளிந்த தண்ணீரைத்தான் தேடி வரும். முட்டையைத் தண்ணீரில் இடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பரலின் உட்சுவரில் ஒட்டிவைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். பரலைக் கவிழ்த்து வெறுமையாக்கினால் மட்டும் போதாது என்பது இதனால்தான். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு உட்சுவரைத் தும்பால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரத்துக்குச் சற்று மேல்தான் செல்லும். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் நெருக்கமான நுளம்பு வலைத் துணியை வாயில் போட்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். 2017 தொடக்கத்தில் கிண்ணியாவிலும் திருகோணமலையிலும் டெங்கு எப்படிப் பரவியது என்பது இங்கு இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த ஆண்டில் இலங்கை முழுவதிலும் பதிவானவர்கள் 186,000க்கும் மேல். சாமான் சேர்ப்பதற்காக வாங்கிய பரலே அந்தக் காய்ச்சலை வீட்டுக்குள் கொண்டுவந்தால் அதற்கு யாரைக் குறை சொல்வீர்கள்?

மருந்துகள் விடயத்தில் உங்களை இன்னும் கடுமையாகக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. டைக்குளோபெனக் அட்டைகள் இரண்டையும் பிள்ளைகளுக்கும் மாமிக்கும் கை எட்டாத இடத்துக்கு இன்றைக்கே மாற்றுங்கள். காய்ச்சலும் மூட்டு வலியும் சேர்ந்து வரும்போது அது சிக்குன்குனியாவா டெங்குவா என்று வீட்டிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. டெங்குவாக இருந்தால் டைக்குளோபெனக், இபுபுரூபன், அஸ்பிரின் ஆகியவை இரத்தக்கசிவை மோசமாக்கும். பரசிட்டமோல் மட்டுமே கொடுக்கலாம். வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வேண்டாம். பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்து வைத்தியர் சொல்லும் அளவு. அன்டிபயோட்டிக் இந்தக் காய்ச்சல்களில் எதையும் செய்யாது. காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனை செய்வியுங்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று மூச்சுவிடுகிற நேரம்தான் டெங்கு ஆபத்தாகிற நேரம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். விடாத வாந்தி, வயிற்று நோ, சோர்ந்து கிடத்தல் அல்லது அமைதியின்றித் தவித்தல், எங்கிருந்தாவது இரத்தம் கசிதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், பணமில்லை.

இவ்வளவு மருந்து வாங்கியவர், மாமி தினமும் குடிக்கும் மருந்து எது என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. 72 வயதில் சீனியோ பிரஷரோ இல்லாதவர்கள் நம்மிடையே குறைவு. அவருடைய கிளினிக் கொப்பி எங்கே இருக்கிறது? அறையைக் காலி செய்தபோது அது எந்தப் பெட்டிக்குள் போனது? 2022இல் கடைகளில் அரிசி விலை ஏறியது, ஆனாலும் ஏதோ ஒரு அரிசி கிடைத்தது. பார்மசிகளில் இல்லாமற்போன மாத்திரைக்கு அப்படி மாற்று இருக்கவில்லை. 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்துகளைத் தபால்காரர்கள் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதுவும் பெயரும் விலாசமும் மருந்து விபரமும் கிளினிக்கில் ஒழுங்காக இருந்தவர்களுக்குத்தான். ஆகவே அடுத்த கிளினிக் நாளில் நீங்களே அவரோடு சென்று, கையிருப்பாக இரண்டு வார மருந்து கூடுதலாகத் தர முடியுமா என்று கேளுங்கள். சாப்பிட முடியாத காய்ச்சல் நாளில் சீனி மாத்திரையையோ ஊசியையோ என்ன செய்வது என்பதையும் அங்கேயே கேட்டுக் கொப்பியில் எழுதுவியுங்கள். இன்சுலின் போடுகிறவராக இருந்தால், 2022 மார்ச்சின் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் போனதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் மருந்தை நனையாதபடி மூடிவைத்தால் திருகோணமலை வெயிலிலும் ஓரளவு குளிர்ச்சி நிற்கும்.

இப்போது நீங்கள் கேட்ட கணக்கு. தாராளமாகச் சோறு சாப்பிடுகிற ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி போதும், மாதத்துக்கு 45 கிலோ. உங்களிடம் நான்கு மாதத்துக்கு மேல் இருக்கிறது. கடற்காற்று ஈரம் உள்ள ஊரில், அதுவும் பூட்டிய அறையில், மூன்றாவது மாதம் அதில் வண்டுக்குத்தான் பங்கு அதிகமாக இருக்கும். ஒரு மாதத்துக்கானதை வைத்துக்கொண்டு, பழையதை முதலில் எடுத்துப் புதியதைப் பின்னால் வைத்துச் சுழற்றுங்கள். இரண்டு மூடை எந்தக் கட்டிலின் கீழும் அடங்கும். பருப்பு, கருவாடு, சீனி, உப்பு, தேயிலை, சவர்க்காரம் ஆகியவையும் அதே ஒரு மாத அளவில் போதும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் என்று, மூன்று நாளுக்கு 60 லீற்றர் கொதித்தாறிய தண்ணீரைத் தனியே மூடிய கலங்களில் வையுங்கள். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் தூள்) பக்கற் பத்து, வெப்பமானி ஒன்று, ஆளுக்கொரு வலை ஆகியவை உங்கள் பட்டியலில் இல்லை, ஆனால் பாதி மூடை அரிசியின் விலைகூட இல்லாத ஜீவனிதான் வயிற்றோட்டத்தில் உயிரைப் பிடித்துவைக்கும். கேஸ் சிலிண்டர்களைக் கதவு சாத்திய அறைக்குள் வைப்பதை விடுங்கள், காற்றோட்டம் உண்மையில் வேண்டியது அவற்றுக்குத்தான்.

மிச்சம் ஆறு மூடை இருக்கிறது. அதில்தான் பக்கத்து வீட்டுக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. கேட்டால் கொடுப்பதா என்று எழுதியிருக்கிறீர்கள், கேட்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்பது என் கேள்வி. 2004 டிசம்பரில் இந்த மாவட்டத்தின் கரையோரத்தில் எத்தனை குடும்பங்கள் அயலாரின் அடுப்பில் சாப்பிட்டன என்பதை நீங்கள் மாமியிடம் கேட்டால் அவர் சொல்வார். கையில் இருப்பதை வாங்கிய விலைக்கே பக்கத்து வீட்டுக்கு மூன்று மூடை கொடுங்கள், காசில்லாதவர்களாக இருந்தால் ஒன்றைச் சும்மா கொடுங்கள். அவர்கள் வளவில் கிடக்கிற பழைய ரயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் உற்பத்தியாகும் நுளம்பு உங்கள் மதிலைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கதைக்கிற உறவிருந்தால்தான் அதைத் துப்புரவாக்கச் சொல்லவும் முடியும். உங்கள் வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டால் கஞ்சி வைத்துத் தருவதற்கும் அவர்கள்தான் இருக்கிறார்கள். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பது பிள்ளைகள் வழியாக ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்திருக்கும், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

கடைசியாக உங்கள் கணவர். நீங்கள் சாமான் சேர்ப்பதைப் பார்த்து அவர் சிரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தன் தாயின் கட்டிலை வெளியே எடுத்த நாளில் அவர் எங்கே நின்றார் என்று எழுதவில்லை. மருமகளைக் குறை சொல்வது நம் ஊரில் எல்லோருக்கும் இலகுவான வேலை, இவ்வளவு நேரம் நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் அறை உங்கள் சீதனத்தில் இருக்கிறது, தாய் அவருடையவர். இந்தப் பக்கத்தை அவரிடமும் கொடுங்கள். மூடைகளை இறக்கவும், அறையைக் கழுவி யன்னலைத் திறக்கவும், கட்டிலைப் பழைய இடத்தில் போட்டு அதன் நான்கு காலுக்கும் வலைக் கம்பு கட்டவும் இரண்டு பேர் வேண்டும். சிரித்து முடித்ததும் ஒரு பக்கத்தை அவர் பிடிக்கட்டும்.