புதைபடிவம் சேகரிப்போர் எதைப் படிக்கலாம்?

கேள்வி: ஓய்வு நேரத்தில் புதைபடிவங்களைச் சேகரிக்கிறேன், என் மகள் கல்லூரியில் நிலவியல் படிக்கிறாள். எங்கள் இருவருக்கும் ஏற்ற நூல்கள் எவை?

பதில்: சேகரிப்போருக்குப் பெரும்பாலும் கிடைப்பவை முதுகெலும்பற்ற உயிர்களின் படிவங்களே என்பதால், அவற்றைப் பற்றி யூவன் கிளார்க்சன் எழுதி 1979-இல் வெளிவந்த பாடநூல் மகளோடு உங்களுக்கும் பயன்படும். ஓடு உதிர்ந்த அம்மோனைட்டின் (சுருண்ட ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிர்) மேல் நெளிந்தோடும் கோடுகள், அதன் உள்ளறைச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்கள் என்று அறிந்தபின், அந்தக் கல்லைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். முதுகெலும்புள்ளவற்றுக்கு மைக்கேல் பென்டனின் பாடநூல் போதும்.

இன்பமாகப் படிக்க, கனடாவின் பர்ஜெஸ் ஷேல் என்னும் பழம்பாறையில் கிடைத்த படிவங்களைப் பற்றி ஸ்டீபன் ஜே கூல்ட் 1989-இல் எழுதிய 'வொண்டர்ஃபுல் லைஃப்' நூலையே முதலில் சொல்வேன். ஆனால் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஹலுசிஜீனியா என்னும் சிற்றுயிர் முட்களைக் கால்களாக ஊன்றி நடந்ததாக அக்காலத்தில் கருதப்பட்டதையொட்டியே கூல்டும் எழுதினார். 1991-இல் வெளியான ஆய்வோ, அவ்வுருவம் தலைகீழாக வைக்கப்பட்டிருந்தது என்றும் முட்கள் முதுகில் இருந்தவை என்றும் காட்டியது. இத்துறையில் பழைய நூலைப் படிப்பவர் புதிய கட்டுரைகளையும் தேடிப் பார்ப்பது கட்டாயம்.

நீல் ஷூபினின் 'யுவர் இன்னர் ஃபிஷ்' (2008), கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் மீனுக்கும் நாற்கால் நிலவுயிர்களுக்கும் இடைப்பட்ட டிக்டாலிக்கின் புதைபடிவம் கிடைத்த கதையைச் சொல்கிறது. எந்த வயதுப் பாறையில் தேடுவது என்பதை முன்கூட்டியே கணித்துக் கிளம்பியதைச் சொல்லும் நூற்பகுதியை, படங்களை மட்டும் புரட்டும் சேகரிப்பாளர்கள் (அவர்கள் ஏராளம்) அவசியம் படிக்க வேண்டும்.