ரிப்போர்ட்டில் 6.8 என்று வந்தால் நீரிழிவா?

அப்பாவின் ரிப்போர்ட்டில் 6.8 என்று இருக்கிறது, தமிழ்நாட்டு வீடியோக்களில் 100, 126 என்கிறார்கள், இது சுகரா இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 6.8-க்குப் பக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். பதில் அங்கேதான் இருக்கிறது.

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரை என்றால், நம் மலேசியாவில் அதை மில்லிமோலில் சொல்கிறார்கள், தமிழ்நாட்டில் மில்லிகிராமில். நம்முடையதை 18-ஆல் பெருக்கினால் அவர்களுடையது வந்துவிடும். 6.8 என்பது ஏறக்குறைய 122. நீரிழிவு என்பது 7.0-இல், அதாவது 126-இல் தொடங்குகிறது. 6.1 முதல் 6.9 வரை நீரிழிவுக்கு முன்நிலை. அப்பா வாசலில் நிற்கிறார், உள்ளே போகவில்லை.

அதுவே எச்பிஏ1சி, விழுக்காட்டில் 6.8 என்றால் கதை வேறு. அது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை. பல நாடுகளில் 6.5% எல்லை; மலேசிய மருத்துவ வழிகாட்டியில் 6.3%. எந்தக் கணக்கிலும் 6.8 நீரிழிவுதான். ஆனால் ரத்தசோகையோ, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடோ இருந்தால் இந்த எண் ஏமாற்றும், டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டமாட்டார்கள், இன்னொரு நாள் திரும்ப எடுப்பார்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். செலவைச் சொல்லித் தள்ளிப்போட வேண்டாம்.

வகை பற்றி அதிகம் குழம்பாதீர்கள். அப்பா வயதில் பெரும்பாலும் இரண்டாம் வகைதான்: இன்சுலின் சுரக்கிறது, உடல் அதற்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. முதல் வகையில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலே அழித்துவிடுகிறது, அதற்கு இன்சுலின் ஊசி கட்டாயம். கர்ப்ப காலத்தில் வருவது மூன்றாவது. பிரசவத்தோடு போய்விட்டாலும் அந்தப் பெண்ணுக்குப் பிற்காலத்தில் வரும் வாய்ப்பு கூடுதல்.

முன்நிலைதான் என்றால் நல்ல செய்தி. அமெரிக்காவில் 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், எடையில் 7% குறைப்பதையும் வாரம் 150 நிமிட நடையையும் இலக்காக வைத்தவர்களுக்கு நீரிழிவு வருவது 58% குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31% தான். பினாங்கு யூத் பார்க்கில் காலை நடை போதும், ஜிம் தேவையில்லை.

சாப்பாட்டில் எல்லாரும் சோற்றைத்தான் திட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் அம்மாவுக்குச் சுகர். நாங்கள் முதலில் கை வைத்தது தே தாரேக்கில், அதாவது இழுத்து ஆற்றும் பால் டீயில். அதில் ஊற்றும் சூசு பெக்காட்டில் (இனிப்பான கெட்டிப் பால்) ஏறத்தாழ பாதி சர்க்கரை. 'குராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்று சொன்னாலும் அந்தப் பால் கொஞ்சமாவது விழத்தான் செய்யும். தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத டீ) கேளுங்கள். முதல் வாரம் முகத்தைச் சுளிப்பார், அப்புறம் பழகிவிடும். நாசி கண்டாரில் (சோறும் குழம்பும் கறிகளும்) கோழியைக் குறைக்க வேண்டாம், சோற்றைப் பாதியாக்கி வெண்டைக்காயைக் கூட்டுங்கள்.

இடுப்பையும் அளந்து பாருங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே ஆபத்து, பார்க்க ஒல்லியாக இருந்தாலும் தொப்பை இருந்தால் கணக்கில் வரும். மலேசியாவில் நீரிழிவு இந்தியர்களிடம்தான் அதிகம், அதனால் ரிப்போர்ட் அப்பாவுடையது என்றாலும் நீங்களும் ஒரு தடவை ரத்தம் கொடுத்துவிடுங்கள்.

ஒன்றே ஒன்று அவசரம்: அப்பாவுக்கு அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்காமல் நாளைக்கே கூட்டிப் போங்கள்.