கப் கணக்கா, கிராம் கணக்கா?

கேள்வி: அதே குறிப்பு, அதே கப். ஆனாலும் வீட்டில் செய்யும் பிரெட் ஒரு தடவை பஞ்சு மாதிரி வருகிறது, அடுத்த தடவை கல்லாகிவிடுகிறது. எங்கே தப்பு?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தைச் சந்தேகப்படாதீர்கள், கப்தான் காரணமாக இருக்கும். மாவை ஸ்பூனால் மெதுவாக அள்ளிப் போட்டு மேலே வழித்துவிட்டால் ஒரு கப் சுமார் 120 கிராம் நிற்கும்; அதே கப்பை டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட வந்துவிடும், நான்கு கப் போடும்போது ஒரு முழு கப் மாவு கூடிப்போகிறது, தண்ணீரோ பழைய அளவுதான், அப்புறம் பிரெட் எப்படி மெத்தென்று வரும்?

ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கி மாவைக் கொட்டுங்கள், மறுபடி பூஜ்யமாக்கித் தண்ணீரை ஊற்றுங்கள். ஆமாம், தண்ணீரையும் எடைதான் போட வேண்டும், 1 மில்லி என்பது 1 கிராம். 500 கிராம் மைதாவுக்கு 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். மாவை 100 என்று வைத்தால் தண்ணீர் 65, உப்பு 2, ஈஸ்ட் 1. இந்த விகிதம் மனதில் இருந்தால் எத்தனை பிரெட் வேண்டுமானாலும் போடலாம்.

ஈஸ்டுக்கு மட்டும் ஸ்பூன் பரவாயில்லை, ஏனென்றால் சாதாரணத் தராசுகள் நாலைந்து கிராமைச் சரியாகக் காட்டாது. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சுமார் 3 கிராம், அதனால் ஒன்றரை டீஸ்பூன் போடுங்கள். உப்பு அப்படியில்லை, தூள் உப்பும் பரல் உப்பும் ஒரே ஸ்பூனில் வேறு வேறு எடை நிற்கும். முழுக் கோதுமை மாவு என்றால் தண்ணீர் கூடுதலாக இழுக்கும், 15 கிராம் 15 கிராமாகச் சேர்த்துப் பிசையுங்கள்.