ஓலையில் மீன், மாவில் ஆவுளியா

கேள்வி: ஐந்து வயது மகளும் மூன்று வயது மகனும் விடுமுறையில் வீட்டிலேயே இருக்கிறார்கள். நம் கடல்வாழ் உயிரினங்களை வைத்து அவர்களை என்ன செய்ய வைக்கலாம்? எங்களிடம் ஓவன் இல்லை.
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: ஆவுளியாவிலிருந்து தொடங்குங்கள். கடற்புல்லை மேய்ந்து, மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்து, குட்டிக்குப் பால் கொடுக்கும் அந்தக் கடற்பசு மீனல்ல என்பதை, வாயால் விளக்குவதைவிடக் கையால் செய்ய வைத்துப் புரியவைப்பது எளிது. பனையோலையில் நீங்கள் முடையும் மீனின் வால் செங்குத்தாக நிற்கட்டும். பிஸ்கட் மாவில் பிள்ளைகள் பிடிக்கும் ஆவுளியாவின் வாலையோ படுக்கைவாட்டில் தட்டச் சொல்லுங்கள். முன்னது பக்கவாட்டில் ஆடும், பின்னது மேலும் கீழும் அசையும் என்பதை மகளே கண்டுபிடித்துவிடுவாள்.

ஒரு கப் கோதுமை மாவுக்கு அரைக் கப் சலித்த கருப்பட்டித் தூளும் அரைக் கப் நெய்யும் போதும். மாவு உதிர்ந்தால் சிறிது பால் தெளிக்கலாம். அடிகனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, வளையம் வைத்து, மூடி 10 நிமிடம் சூடாக்கிய பின், பிஸ்கட் தட்டை உள்ளே வைத்துச் சிறு தீயில் ஏறத்தாழ 20 நிமிடம் வேகவிடுங்கள். கருப்பட்டி சட்டென்று கருகும் என்பதால் அடுப்பை விட்டு நகர வேண்டாம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் இறுகும்.

ஆமைக்குத் தேங்காய்ச் சிரட்டையே ஓடு. கரையில் கிடைக்கும் பவளத்துண்டு, கடற்குதிரை ஆகியவற்றை ஒட்டுவதற்கு எடுக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கிறது. சின்னச் சிப்பிகளும் வேண்டாம், அவை உங்கள் மகனின் வாய்க்குத்தான் முதலில் போகும்.